மூக்கு நீண்ட விருந்தாளி

“விருந்தாளிக்குச் சோறு போடுறது பெரிசில்லடா, விருந்தாளி…” என்று அரண்மனையில் தண்ணீர் சுமப்பதையும் துலக்குவதையும் கவனிக்கும் தண்ணீர்க்கட்டின் பழைய மேற்பார்வைக்காரர் பொன்னம்பலனார் அடிக்கடி ஆரம்பிப்பார். அதற்குள் வெற்றிலைச் சாறு வாயை நிறைத்துவிடும். மீதியைக் கையால் காற்றில் எழுதிக் காட்டிவிட்டுத் துப்பப் போய்விடுவார். அவருக்குப் பின் அந்த வேலைக்கு வந்த சடையாண்டி, மிச்சம் என்ன என்று கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். பெரியவரும் ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் நடந்தது எப்போது என்று கேட்கிறீர்களா? வெகு வெகு காலத்துக்கு முன்னால். கடல் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு இரண்டு கூப்பிடு தூரம் தள்ளி இருந்த காலம். அப்போது பவழமுனை என்று ஒரு நாடு. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பனங்காடு. அரசர் பெயர் அலைவாணர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனை வாசற்படியைத் தாண்டி யார் உள்ளே வந்தாலும், நண்பனோ பகைவனோ, விருந்தாளி விருந்தாளிதான். விருந்தாளிக்கு மூன்று மரியாதை. விடிந்ததும் அவர் இருக்கும் இடத்தைத் துலக்கிப் பளபளவென்று வைக்க வேண்டும். உணவு வைக்கும்போது முரசு முழங்க வேண்டும். அவர் தனியே சாப்பிடக் கூடாது என்பதால் பந்தித்துணையாக ஆறு பேர் கூட இருக்க வேண்டும். துலக்கல், முரசு, துணை. இந்த மூன்றும் ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒருமுறை கட்டவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடிவந்த ஒரு கழுதைக்குப் பந்தித்துணையாக ஊரெல்லாம் தேடி ஆறு கழுதைகளைப் பிடித்து வந்தார்கள். அவ்வளவு பிடிமானம்.

இதில் முதல் மரியாதை சடையாண்டியின் பொறுப்பு. தேங்காய் நாரும் சாம்பலும் புளியும்தான் அவருடைய ஆயுதங்கள். அவர் தேய்த்த அண்டாவில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம். “கறைன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டா அன்னைக்குச் சோறு இறங்காது” என்பார். அது வெறும் பேச்சில்லை.

அவருடைய மனைவி வடிவு பாசி எடுக்கிறவள். கடலுக்கடியில் இருக்கும் பவழப் பாறைத் திட்டை அந்த ஊரில் ‘பார்’ என்பார்கள். வடிவும் இன்னும் பதினெட்டுப் பெண்களும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தோணியில் போவார்கள். பாருக்கு மேலே மூச்சடக்கி முங்கி, கல்லில் படர்ந்த பாசியைப் பறித்துக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பாருக்கு ஒரு மந்திரவாதி வந்து சொந்தம் கொண்டாடினான். பெயர் குண்டலகேது. “இன்று முதல் இங்கே யாரும் முங்கக் கூடாது” என்று மணல்மேட்டில் நின்று சொன்னான். பெண்கள் சிரித்தார்கள். “கடலுக்கு வேலி போடப் போறீகளோ?” என்றாள் வடிவு. தோணி வழக்கம்போலக் கிளம்பியது.

மந்திரக்கோலை ஓங்கி மூன்று முறை ஒரு சொல்லைச் சொன்னான் குண்டலகேது. தோணியில் இருந்த பதினெட்டுப் பெண்களும் பதினெட்டு ஆலாக்களானார்கள். ஆலா என்றால் தெரியுமல்லவா? வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, பிளந்த வால், ஓயாமல் கடலுக்கு மேலே சுற்றும் பறவை. வெறும் தோணி கரைக்கு வந்தது. போனவர்கள் பதினெட்டுப் பேர், மொத்தம் பத்தொன்பது ஆயிற்றே என்பீர்கள். பேச்சியாயி என்பவள் அன்றைக்குப் பல்வலியால் கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்தாள். அவளை மறந்துவிடாதீர்கள்.

அலைவாணர் நிதானமான அரசர். “யானையை வைத்து அவனை மிதிக்கலாம்” என்றார் மந்திரி. “மிதிக்கலாம். பெண்களை யார் திருப்பித் தருவது?” என்றார் அரசர். பிறகு யோசித்தார். “மந்திரவாதிக்குப் பாசி எதற்கு? ஒருவன் ஒரு இடத்தை இப்படிக் காவல் காத்தால், அங்கே எதையோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.”

மற்ற மந்திரவாதிகள் உயிரைக் கிளிக்குள் ஒளித்து வைப்பார்கள். கிளி பேசும், காட்டிக்கொடுத்துவிடும் என்று குண்டலகேது தன் உயிரைப் பாரில் வாழும் ஒரு மீனுக்குள் வைத்திருந்தான். அரசரின் முக்குளிப்பவர்கள் அவன் கண்ணில் படாமல் முங்கி, பாரில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். முதல் நாள் கிடைக்கவில்லை, இரண்டாம் நாள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கல் இடுக்கில் ஒரு மீனைக் கண்டார்கள். வெள்ளி உடம்பில் செம்மஞ்சள் பட்டைகள், ஊசிபோல் நீண்ட மூக்கு, பார்க்கிறவனை ஏமாற்ற வால்பக்கம் ஒரு கறுப்புப் பொய்க்கண். அதைக் கடல்நீர்ப் பானையில் ஏந்திய அதே கணம், மணல்மேட்டில் நின்று சபித்துக்கொண்டிருந்த குண்டலகேது தடாலென்று விழுந்தான். அவனைப் பிடித்துக் கட்டுவது பிறகு கஷ்டமாக இல்லை.

“என் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. பறவைகளைப் பெண்களாக்கித் தருகிறேன்” என்றான். “ஆனால் இன்றைக்கு முடியாது. வருஷத்தில் ஒரு நாள் கடல் வற்றிப் பாரின் முதுகு வெளியே தெரியும். அன்றைக்கு உரத்த குரலில் மூன்று முறை சொன்னால்தான் பலிக்கும். அதற்கு இன்னும் நாற்பத்தோரு நாள்.”

நாற்பத்தோரு நாளும் மீன் உயிரோடு இருக்க வேண்டும். மீன் செத்தால் மந்திரவாதி செத்தான். மந்திரவாதி செத்தால் பதினெட்டுப் பெண்களும் பதினெட்டுப் பறவைகளாகவே இருக்க வேண்டியதுதான்.

மீன் அரண்மனைக்கு வந்தது. வாசற்படி தாண்டியதல்லவா? விருந்தாளி. பளிங்குத் தொட்டியில் கடல்நீர் நிரப்பினார்கள். அது வசித்த கல்லையே பாரிலிருந்து பெயர்த்து வந்து ஆசனமாக நடுவில் வைத்தார்கள். பந்தித்துணைக்கு ஆறு கிளிமீன்களை விட்டார்கள். ஒவ்வொரு வேளையும் முரசு முழங்கியது. சடையாண்டி விடியற்காலையில் கல்லை வெளியே எடுத்து, பச்சையும் பழுப்புமாக அதில் ஒட்டியிருந்ததையெல்லாம் நாரால் தேய்த்து, சங்குபோல் வெளுக்கவைத்து, திரும்ப உள்ளே வைப்பார். வேறு எந்த விருந்தாளியின் ஆசனத்தையும் அவர் அப்படித் தேய்த்ததில்லை. வடிவு திரும்பி வர வேண்டுமே.

ஆனால் மீன் சாப்பிடவில்லை.

மடைப்பள்ளித் தலைவர் வந்தார். குங்குமப்பூ போட்ட நெய்ச்சோற்றைக் கடுகளவு உருண்டையாக்கிப் போட்டார். முரசு முழங்கியது. மீன் கிட்ட வந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

அரண்மனை வைத்தியர் வந்தார். பசியைக் கிளப்பும் லேகியத்தை இறால் பொடியில் குழைத்துப் போட்டார். முரசு முழங்கியது. மீன் கிட்ட வந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

ஆஸ்தானப் பாடகர் வந்தார். மனசு இளகினால் வாய் திறக்கும் என்று ஒரு தாலாட்டை எடுத்தார். முரசு முழங்கியது. இந்த முறை மீன் கிட்டக்கூட வரவில்லை.

மூன்று பேர் போட்டதையும் ஆறு கிளிமீன்களும் தின்று பூசணிக்காய் மாதிரி ஆயின. விருந்தாளியோ நாளுக்கு நாள் மெலிந்தது. வயிறு உள்ளே ஒட்டியது. தலைக்குப் பின்னால் குழி விழுந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மீன், நேருக்கு நேர் பார்த்தால் ஒரு கோடு.

சிறையில் குண்டலகேதுவும் மெலிந்தான். அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவதும் சடையாண்டியின் வேலைதான். பத்தாம் நாள் அவர் கம்பிக்கு அருகில் குந்தி உட்கார்ந்தார்.

“ஒரு விஷயம் கேக்கணும். உன் உசுரு என்னதான் சாப்பிடும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உன் உசுருய்யா.”

“வைக்கும்போது பத்திரமான இடமா என்று பார்த்தேன். அது என்ன தின்னும் என்று யார் பார்த்தார்கள்? முப்பது வருஷம் அதுவாகத்தான் தின்றது.” அவன் சுவரில் சாய்ந்தான். “ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நெய்ச்சோறு போட்டவனை இந்தப் பக்கம் வரச்சொல். மூன்று நாள் ஏப்பம் வந்தது.”

சாயங்காலம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆலாக்கள் வந்து இறங்கும். பதினெட்டும் ஒரே அச்சு. எது வடிவு என்று தெரியவில்லை. அதனால் சடையாண்டி பதினெட்டிடமும் பொதுவாகப் பேசுவார். மற்ற வீட்டுப் பெண்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார். தன் தட்டில் விழுந்த மீன் துண்டுகளைப் பிய்த்துப் பதினெட்டாகப் பங்கிட்டு வைத்துவிட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்பார்.

பன்னிரண்டாம் நாள் தண்டோரா போட்டார்கள். மீனை யார் சாப்பிட வைக்கிறாரோ அவர் கேட்டதை அரசர் கொடுப்பார். அன்றைக்கே பேச்சியாயி வந்துவிட்டாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. நாக்கு எப்போதும்போல இருந்தது.

“என்ன அண்ணே, உள்ளே விடுவீகளா? இல்ல என்னையும் தேய்ச்சுக் கழுவித்தான் விடுவீகளா?”

சடையாண்டி சிரிக்க முயன்றார். “வா தாயி. வந்து பாரு. வடிவு இருந்தா உன்னைத்தான் கூப்பிடச் சொல்லியிருப்பா.”

தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள் பேச்சியாயி. உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். கையை நீட்டவில்லை, எதையும் போடவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு மீனையே பார்த்தாள். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போயிற்று. மந்திரி இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சடையாண்டிக்கும் முதலில் இது என்ன வைத்தியம் என்றுதான் இருந்தது. அப்புறம் அவளையே பார்க்க ஆரம்பித்தார். அவள் இமைகூடக் கொட்டவில்லை. மீன் திரும்பினால் அவள் கண் திரும்பியது. மீன் நின்றால் அவள் மூச்சும் நின்றது. மூச்சடக்கிக் கடலுக்குள் இருக்கிற பெண்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது வருஷமாக வடிவு கடலுக்குப் போய் வருகிறாள். பையில் என்ன கொண்டுவந்தாள் என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டு வேளை வந்தது. முரசு முழங்கியது. தண்ணீர் அதிர்ந்தது. மீன் விசுக்கென்று கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. இரையைக் கிளிமீன்கள் மொய்த்துக் காலி பண்ணின.

பேச்சியாயி எழுந்தாள். “தண்ணி நல்லா இருக்கு. தினம் மாத்துறீகளோ?”

“தினம் நாப்பது குடம். அலை உடையிற இடத்துலேருந்து.”

“அதான் இம்புட்டு நாள் உசுரோட இருக்கு. நல்ல வேலை அண்ணே.” பிறகு கல்லைக் காட்டினாள். “இந்தக் கல்லை யாரு தேய்ச்சது?”

“நான்தான்” என்றார் சடையாண்டி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“தினமுமா?”

“ஒரு நாள் விட்டதில்லை.”

பேச்சியாயி திரும்பத் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். பேசியபோது கிண்டல் போயிருந்தது. “இது மூக்கைப் பாருங்க அண்ணே. இது மேல விழுற சோத்தைப் பொறுக்குற மூக்கா? கல்லு இடுக்குல, ஓட்டையில விட்டுக் கொத்துற மூக்கு. பாசிக்குள்ள நூலு மாதிரிப் புழு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். நாங்க பாசி பறிக்கையில இதுக எங்க கைக்குப் பின்னாலயே வந்து, பறிச்ச இடத்துல கொத்தும். அந்தக் கல்லு இதுக்கு ஆசனம் இல்லண்ணே. சோத்துத் தட்டு.”

சடையாண்டி தன் கைகளைப் பார்த்தார். பன்னிரண்டு நாள். ஒவ்வொரு விடியலிலும், வடிவு வர வேண்டும், வடிவு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் தேய்த்துக் கொட்டியது அந்த மீனின் சாப்பாட்டை. மடைப்பள்ளிக்காரர் தப்பாகச் சமைத்தார், வைத்தியர் தப்பாக மருந்து கொடுத்தார். ஆனால் பட்டினி போட்டது அவர். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அழுக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

“தெரியாமத்தான் செஞ்சீக. எந்திரிங்க. எனக்குக் குடம் தூக்க ஆள் வேணும்.”

அரசர் முன்னால் பேச்சியாயி மூன்று கேட்டாள். “முரசு நிக்கணும் ராசா. அந்த ஆறு தடியன்களையும் வெளியேத்தணும். இந்த அண்ணனோட கையை யாராவது பிடிச்சுக்கணும்.”

மந்திரிக்கு முகம் சிவந்தது. “விருந்தாளியின் மூன்று மரியாதையையும் நிறுத்தச் சொல்கிறாயா? முரசு இல்லாமல் உணவு வைத்தால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள்?”

“உங்க காதுகிட்ட முரசடிச்சா நீங்க சாப்பிடுவீகளா மந்திரி ஐயா?”

“நாற்பது வருஷமாக அப்படித்தான் சாப்பிடுகிறேன்” என்றார் மந்திரி. சபையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்கள்.

அரசர் வாய்க்குள் சிரித்தார். “அவள் கேட்டதைச் செய்யுங்கள்.”

மறுநாள் பேச்சியாயி பாருக்குப் போய் முங்கி, பாசி படர்ந்த ஒரு கல்லை எடுத்தாள். காற்றுப் படாமல் தண்ணீருக்குள்ளேயே பானையில் இறக்கிக் கொண்டுவந்தாள். பச்சையும் கறுப்புமாக, வழவழவென்று, பார்க்கச் சகிக்காத கல். சடையாண்டியின் விரல்கள் தாமாக நாரைத் தேடின. அவர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கல் தொட்டிக்குள் போனது. முரசு இல்லை. கிளிமீன் இல்லை. மீன் கிட்ட வந்தது, முகர்ந்தது. ஒரு கண்ணால் இடுக்கைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அந்த நீண்ட மூக்கை உள்ளே விட்டு, டக்கென்று ஒரு கொத்து. ஒரு நூல்புழு வெளியே வந்து வாய்க்குள் போனது.

“ஒண்ணு” என்றாள் பேச்சியாயி, உதடு மட்டும் அசைய.

அன்றைக்கு ஏழு கொத்து. மறுநாள் பதினாறு. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. என்ன ஒரு மூக்கு அது. தையற்காரன் ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒரு தடவைகூடக் குறி தப்பாமல் போய் வந்தது. சடையாண்டி இத்தனை நாளும் அதைத் தன் மனைவிக்கு ஈடாக வைத்த பொருளாகத்தான் பார்த்திருந்தார். இப்போது பார்க்கப் பார்க்க, இவ்வளவு நுணுக்கமாகச் சாப்பிடும் ஒரு உயிருக்கு நெய்ச்சோற்றை வீசியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

சிறைக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது குண்டலகேது எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“யார் ஊட்டுவது?” என்றான். “என் நாக்கெல்லாம் புழுச் சுவை.”

“நல்லா இருக்கா?”

மந்திரவாதி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். “இருக்கிறது” என்றான்.

ஆனால் தொல்லை அதோடு தீரவில்லை. ஒரு கல்லில் இருக்கும் புழு மூன்று நாளைக்குத்தான் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு கல் என்று பேச்சியாயி கொண்டுவந்தாள். இருபத்தைந்தாம் நாள் காற்று திரும்பியது. கடல் கொந்தளித்தது. பாருக்குத் தோணி போக முடியவில்லை. தொட்டியில் இருந்த கல் மொட்டையானது. மீனின் வயிறு மறுபடி ஒட்டத் தொடங்கியது.

“இனி இங்க கரையில கிடைக்கிறதைத்தான் சாப்பிடப் பழக்கணும்” என்றாள் பேச்சியாயி. கரை ஓரத்தில் கிடைத்த மட்டி என்ற சிப்பியை உயிரோடு கொண்டுவந்து, கத்தியால் ஓட்டைப் பிளந்து, பாதி ஓட்டோடு கல் இடுக்கில் செருகினாள். சதை துடித்தது. மீன் கிட்ட வந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

“போகட்டும்” என்றாள். மட்டியை எடுத்துவிட்டு வேறு புது மட்டியை வைத்தாள். கெட்டுப்போன இரை தண்ணீரையும் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் மிச்சத்தை எடுத்துவிடுவாள். மறுபடி வைப்பாள், மறுபடி எடுப்பாள். பழைய கல்லில் ஒட்டிய கடைசிப் பாசியைச் சுரண்டி மட்டிச் சதைமேல் தடவினாள். மீன் வந்து பாசியைக் கொத்தியது. கொத்தும்போது கொஞ்சம் சதையும் போனது. அடுத்த வேளை பாசியைக் கொஞ்சம் குறைத்தாள். அதற்கடுத்த வேளை இன்னும் கொஞ்சம்.

“ஏமாத்துறியே தாயி” என்றார் சடையாண்டி.

“ஏமாத்துறது இல்லண்ணே, பழக்குறது. தெரிஞ்ச வாசனையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தெரியாத வாசலுக்குள்ள நுழையும். நீங்க முதல்முதலா மாமியார் வீட்டுல சாப்பிட்டப்ப ஊறுகாயை மட்டும் தொட்டுக்கிட்டுத்தான சாப்பிட்டீக? வடிவு சொல்லியிருக்கா.”

சடையாண்டி நான்கு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

ஒரு நாளைக்கு ஏழு வேளை, வேளைக்கு ஒரு சிட்டிகை. முப்பத்தைந்தாம் நாள் பாசி தடவாத மட்டியை மீன் தானாகக் கொத்தியது. அன்றைக்குப் பேச்சியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சடையாண்டி பார்த்தார். கேட்டிருந்தால் கடல்தண்ணி தெறித்தது என்றிருப்பாள். அவர் கேட்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் அவள் புறப்பட வேண்டியிருந்தது. பறவைகள் பெண்களாகும்போது பாரின் மேல்தான் வந்து விழுவார்கள். கடல் திரும்பி ஏறுவதற்குள் அவர்களைத் தோணியில் ஏற்ற வேண்டும். அந்தக் கொந்தளிப்பில் பாறையில் மோதாமல் தோணிகளை உள்ளே கொண்டுபோகும் வழி இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்துத் தீவில் முன்கூட்டியே போய்த் தங்கினால்தான் சரிப்படும்.

“மூணு நாள்தான். நீங்களே குடுத்துருங்க” என்றாள்.

“என் கையாலயா?”

“உங்க கைக்கு என்ன?”

என்ன என்று முதல் வேளையிலேயே தெரிந்தது. சடையாண்டி மட்டியைச் செருகினார். மீன் பாதி தூரம் வந்து நின்றது. பின்வாங்கிக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாம் வேளையும் அப்படியே. அவர் கையை முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷத்துச் சாம்பலும் புளியும். அன்றைக்கு முழுவதும் மீன் ஒன்றும் தின்னவில்லை. சிறையில் குண்டலகேது மறுபடி படுத்துக்கொண்டான்.

சடையாண்டி கடற்கரைக்குப் போனார். ஒதுங்கிக் கிடந்த பாசியைக் கைநிறைய அள்ளி, விரல் இடுக்கெல்லாம், நகக்கண்ணெல்லாம், முழங்கை வரை பிசைந்து தேய்த்தார். கழுவவில்லை. கை பச்சையாகி, காய்ந்து, நாறியது. வாழ்நாளில் முதல்முறையாக அழுக்குக் கையோடு அரண்மனைக்குள் நடந்தார். மந்திரி மூக்கைப் பொத்தினார். தொட்டிக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதையும் போடவில்லை. வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும்வரை மீனைப் பார்த்தார். பிறகு ஒரு துணுக்கு மட்டியை விரல் நுனியில் வைத்து மெல்ல உள்ளே விட்டு, அசையாமல் பிடித்திருந்தார். தோள் வலித்தது. கை மரத்தது.

மீன் கிட்ட வந்தது. முகர்ந்தது. விரல் நுனியில் ஊசி குத்தியதுபோல் ஒரு சின்ன கொத்து.

நாற்பத்தோராம் நாள் கடல் வற்றியது. பாரின் கறுத்த முதுகு வெளியே தெரிந்தது. ஊரே கரையில் கூடியது. குண்டலகேதுவைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பானையில் மீன், பானைக்குப் பக்கத்தில் சடையாண்டி. வானத்தில் பதினெட்டு ஆலா.

குண்டலகேது எழுந்து நின்று சொல்லைச் சொன்னான். ஒரு முறை. குரல் கணீரென்று போயிற்று. இரண்டாம் முறை. அப்போதுதான் கூட்டத்தில் ஒரு முரசுக்காரன், அரண்மனை விருந்தாளி வெளியே எழுந்தருளியிருக்கிறாரே என்ற பழக்க தோஷத்தில், கோலை எடுத்து ஓங்கி அடித்துவிட்டான். மீன் பானைக்குள் வெலவெலத்துச் சுருண்டது. மந்திரவாதி தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். வாய் அசைந்தது, குரல் இல்லை. தூரத்தில் கடல் திரும்பி ஏறத் தொடங்கியது.

மந்திரிதான் பாய்ந்து ஓடினார். நாற்பது வருஷமாக முரசுக்காக வாதாடியவர் அந்த முரசின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

கரை அமைதியானது. சடையாண்டி பச்சைக் கையைப் பானைக்குள் விட்டார். அவசரப்படவில்லை. விரல் நுனியில் மட்டித் துணுக்கு. அவருடைய மூச்சும் நின்றது. மீன் மெல்ல விரிந்தது. வந்தது. கொத்தியது. இன்னொரு முறை கொத்தியது.

குண்டலகேது தலையை நிமிர்த்தி மூன்றாம் முறை சொன்னான்.

பதினெட்டு ஆலாவும் பாரின் மேல் இறங்கின. இறங்கியவை பறவைகளாக எழவில்லை. ஈரச் சேலையும் இடுப்புப் பையுமாகப் பதினெட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள். பேச்சியாயியின் தோணிகள் பாறை இடுக்குகளுக்குள் நூல்போல் நுழைந்து போயின. அலை மேலேறுவதற்குள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு கீறல்கூட இல்லாமல் கரைக்கு வந்தன. அதைப் பார்த்த மீனவர்கள் பல காலம் அதைப் பற்றியே பேசினார்கள்.

வடிவு கரையிறங்கி வந்து சடையாண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னங்க, இப்படித் துரும்பா இளைச்சுப் போயிருக்கீக? கையெல்லாம் என்ன இது, பாசி?”

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சியாயியிடம் என்ன வேண்டும் என்று அரசர் கேட்டார். “இனிமே அந்தப் பாருல யாரும் வலை போட வேண்டாம் ராசா. கையால எடுக்குறவுக மட்டும் வரட்டும்” என்றாள். அப்படியே ஆணை பிறந்தது. பாருக்குக் காவல் என்று அவளையே அரசர் நியமித்தார். அன்று முதல் அவள் சொன்ன வழியில்தான் தோணிகள் போயின.

மிச்சம் இருந்தது குண்டலகேதுவும் அந்த மீனும். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறவனிடம் வேறு மந்திரம் தங்காது. அவனுடைய மந்திரக்கோல் வெறும் பூவரசங்குச்சியாகிக் கிடந்தது. அவனும் மணலில் உட்கார்ந்த ஒரு சாதாரணக் கிழவன். ஆனால் உயிர் மட்டும் இன்னும் மீனுக்குள்தான் இருந்தது.

“பானையைக் கவிழ்த்தால் கணக்குத் தீர்ந்தது” என்றார் ஒரு தளபதி. “தொட்டியிலேயே இருக்கட்டும், இப்போதுதான் ஊட்டத் தெரிந்துவிட்டதே” என்றார் மடைப்பள்ளித் தலைவர்.

அரசர் சடையாண்டியைப் பார்த்தார். “மனைவியை இழந்து தவித்தவன் நீ. கடைசியில் அதற்கு ஊட்டியதும் நீ. என்ன செய்யலாம் என்று நீயே முடிவு செய்.”

சடையாண்டி கிழவனிடம் கேட்டார். “உன் உசுரு. நீ என்ன சொல்ற?”

குண்டலகேது தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. பானையை எட்டிப் பார்த்தான். “காலையிலிருந்து இரண்டு கொத்துதான் தின்றிருக்கிறது” என்றான்.

சடையாண்டி பானையைத் தூக்கித் தோணியில் வைத்தார். பாருக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, மீனைக் கடலில் விட்டார். அது ஒரு பாசிக் கல்லின் இடுக்கில் மூக்கை விட்டுக் கொத்துவதைப் பார்த்தபோது, பொன்னம்பலனார் காற்றில் எழுதிக் காட்டிய மீதி என்ன என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.